கோட்டாவில் வராத பையனுக்கு ஒரு ஜெர்சி

சுனில் சேத்ரி பள்ளி நாட்களில் கால்பந்தைப் பிடித்துக்கொண்டது தேசிய அணியை மனதில் வைத்து அல்ல. விளையாட்டின் பெயரால் டெல்லியில் ஒரு நல்ல கல்லூரியில் சீட் வாங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் அப்போதைய கணக்கு என்று அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கணக்கு வேறு மாதிரி முடிந்தது. 2002ல் மோகன் பகான் அவரை அழைத்துக்கொண்டது. கல்லூரி பின்னுக்குப் போனது. 2013ல் பெங்களூர் எஃப்.சி. பிறந்தபோது அதன் கேப்டனாக இந்த ஊருக்கு வந்து சேர்ந்தார்.

அதே பெங்களூரில், ஒவ்வொரு ஆண்டும் பி.யு.சி. முடிவுகள் வந்த கையோடு பல வீடுகளில் இந்தக் கணக்கு தலைகீழாக ஓடுகிறது. பையனுக்கு மார்க் இருக்கிறது. பி.காம். சீட் எங்காவது கிடைத்துவிடும். பந்துதான் கேள்விக்குறி. பள்ளி அணியில் ஆடியவன், மாவட்டத் தேர்வு வரை போய்த் திரும்பியவன். மாநில அணிக்கு ஆடிய சான்றிதழ் கையில் இல்லை. எனவே ஸ்போர்ட்ஸ் கோட்டாப் பட்டியலில் பெயர் வராது. எல்லோரையும் போலக் கட்டணம் கட்டிச் சேர்ந்து, பிறகு ஒரு மாலையில் பூட்ஸை மாட்டிக்கொண்டு கல்லூரி அணியின் ட்ரயலுக்குப் போய் நிற்கப்போகிறான். அமெரிக்கக் கல்லூரிகளில் இப்படிப்பட்டவருக்கு ‘வாக்-ஆன்’ என்று தனிப் பெயர் உண்டு. உதவித்தொகையும் இல்லை, அழைப்பும் இல்லை. தானாக நடந்து வந்து அணியில் இடம் கேட்பவர். இங்கே அந்தப் பெயர் புழக்கத்தில் இல்லை. ஆள் மட்டும் எல்லாக் கல்லூரி மைதானத்திலும் உண்டு.

இவன் எந்தக் கல்லூரியில் சேர வேண்டும்? அப்பா பிளேஸ்மென்ட் பற்றி விசாரிக்கிறார். அம்மா பஸ் ரூட் பற்றி விசாரிக்கிறார். கால்பந்தைப் பற்றி யாரும் விசாரிப்பதில்லை. வேடிக்கை என்னவென்றால், பையனே விசாரிப்பதில்லை. எந்த அணிக்குப் பெரிய பெயரோ அந்தப் பக்கம்தான் அவன் கண் போகிறது. பலரை மூன்று வருடம் பெஞ்சில் உட்கார வைப்பதும் அந்தப் பெயர்தான்.

பெரிய பெயர் எப்படி வருகிறது என்று பார்த்தால் விஷயம் புரியும். 2022 ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் நடந்த கேலோ இந்தியா பல்கலைக்கழகப் போட்டிகளில் 20 தங்கப் பதக்கங்களுடன் முதலிடம் பிடித்தது, போட்டியை ஏற்று நடத்திய ஜெயின் பல்கலைக்கழகமே. கே.எல். ராகுல், ராபின் உத்தப்பா, பங்கஜ் அத்வானி என்று அதன் பழைய மாணவர் வரிசை நீளம். இப்படி விளையாட்டில் பணமும் கவனமும் செலுத்தும் நிறுவனங்கள் எங்கே இருந்தாலும் ஆட்களைத் தேடிப் பிடிக்கின்றன. கட்டணச் சலுகை, ஹாஸ்டல், சாப்பாடு என்று கொடுத்துக் கூட்டி வருகின்றன. மணிப்பூரில் இருந்தும் மிசோரமில் இருந்தும் கேரளத்தில் இருந்தும் பையன்கள் வருகிறார்கள். அதில் தவறு எதுவும் இல்லை. ஆனால் சலுகை கொடுத்துக் கூட்டி வந்தவனை வெளியே உட்கார வைத்தால், நிர்வாகத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் கோச். மார்க்கில் சேர்ந்த பையனை உட்கார வைத்தால் யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இருவரும் சமமாக ஆடினால் வாய்ப்பு கோட்டாக்காரனுக்குத்தான். மற்றவன் சமமாக ஆடினால் போதாது, கண்ணுக்குத் தெரியும்படி மேலே ஆட வேண்டும். இதைக் கோச்சின் பாரபட்சம் என்று பையன்கள் திட்டுவது வழக்கம். அது வெறும் பட்ஜெட் கணக்கு.

ட்ரயல் என்பதும் அவன் நினைக்கிற மாதிரி இருப்பதில்லை. வகுப்புகள் தொடங்கிச் சில வாரங்களில் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டப்படுகிறது. குறித்த நாளில் மைதானம் நிரம்பிவிடுகிறது. ஜூன், ஜூலை ஆனதால் தரையும் ஈரம். பி.டி. சார் கையில் ஒரு நோட்டு. “என்ன பொசிஷன்ப்பா?” “விங்கர் சார்.” பத்துப் பேரைக் கேட்டால் ஏழு பேர் விங்கர், மிச்சம் ஸ்ட்ரைக்கர். வண்ண பனியன்களை மாட்டிவிட்டு, ஒருவரை ஒருவர் தெரியாத பதினொரு பேரை ஓர் அணியாக நிறுத்தி, இருபது நிமிட ஆட்டம். யாரும் யாருக்கும் பந்து கொடுப்பதில்லை. எல்லோரும் தனியாக மூன்று பேரைக் கடந்து காட்டப் பார்க்கிறார்கள். அந்த இருபது நிமிடத்தில் ஓரமாக நிற்கும் பயிற்சியாளரின் கண்ணில் படுவது, பந்து பறிபோனதும் திரும்பி ஓடிவருகிறவன்தான். இதை எந்த சீனியரும் தம்பிகளுக்குச் சொல்லிக் கொடுப்பதில்லை. அவர்களுக்கும் தாமதமாகத்தான் தெரிந்திருக்கும்.

கல்லூரி தேர்ந்தெடுப்பதற்கு முன்பே, அதாவது விண்ணப்பம் வாங்கும் வாரத்திலேயே, செய்யக்கூடிய காரியம் ஒன்று இருக்கிறது. மாலை நாலரை மணிக்கு அந்தக் கல்லூரி மைதானத்தில் போய் ஓரமாக உட்கார்ந்து பார்ப்பது. சொந்த மைதானம் இல்லையென்றால் எங்கே பயிற்சி என்று கேட்டுக்கொண்டு அங்கே போவது. நகரத்துக்குள் இருக்கும் கல்லூரிகளில் பலவற்றுக்கு முழு அளவு மைதானம் கிடையாது. வாடகை டர்ஃபில் ஏழு பேர் ஆட்டம் ஆடிவிட்டு அதையே பயிற்சி என்கிறார்கள். அணியில் யார் கடைசி வருடம், எந்த இடம் காலியாகப்போகிறது என்பதை இரண்டு மாலைகளில் தெரிந்துகொள்ளலாம். கோல்கீப்பர் கடைசி வருடத்தில் இருந்து, புதியவன் கோல்கீப்பராகவும் இருந்தால் அதிர்ஷ்டம்தான். இடது காலால் ஆடுகிற ஃபுல்பேக்குக்கு எந்த அணியிலும் கதவு பாதி திறந்தே இருக்கிறது. நல்ல ஸ்ட்ரைக்கர்கள் நான்கு பேர் இரண்டாம் வருடத்தில் இருக்கும் அணியில் ஐந்தாவது ஸ்ட்ரைக்கராகப் போய் நிற்பவன், கோச்சைக் குறை சொல்வதில் பொருள் இல்லை.

அடுத்தது, பலரும் கவனிக்காமல் விடும் விஷயம்: அந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தது? இந்தியாவில் கல்லூரி விளையாட்டின் ஏணி பல்கலைக்கழகம் வழியாகத்தான் ஏறுகிறது. இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம் நடத்தும் போட்டிகளில் ஆடுவது பல்கலைக்கழக அணி. முதலில் மண்டல அளவில், தெற்கு மண்டலத்தில் தமிழ்நாடு, கேரளம், ஆந்திரம், தெலங்கானா அணிகளுடன் மோதி, அங்கே முன்னணியில் வந்தால் அகில இந்தியப் போட்டி. இணைப்புக் கல்லூரி ஒன்றில் சேரும் பையன் முதலில் தன் கல்லூரி அணியில் இடம் பிடிக்க வேண்டும். கல்லூரிகளுக்கு இடையிலான போட்டியில் கண்ணில் பட வேண்டும். அங்கிருந்து பல்கலைக்கழக அணிக்குத் தேர்வாக வேண்டும். தனிப் பல்கலைக்கழகமாகவோ நிகர்நிலைப் பல்கலைக்கழகமாகவோ ஆகிவிட்ட நிறுவனத்தில் இந்தப் படிகள் குறைவு. கிறைஸ்ட் 2008ல் நிகர்நிலை ஆனது. 1882ல் தொடங்கிய செயின்ட் ஜோசப்ஸ் 2022ல் பல்கலைக்கழகம் ஆனது. இப்படிப்பட்ட இடங்களில் அந்த நிறுவனத்தின் அணியே நேரடியாகத் தெற்கு மண்டலத்துக்குப் போகலாம்.

எனவே நிகர்நிலைதான் நல்லது என்று அவசரப்பட்டு முடிவெடுக்கத் தேவையில்லை. படிகள் குறைவு என்றால் ஒவ்வொரு படியும் உயரம் என்று பொருள். மண்டலப் போட்டிக்கு நேரே போகும் அணிக்கு ஆள் பிடிப்பதும் அதே வேகத்தில் நடக்கும். இணைப்புக் கல்லூரியிலோ முதல் படி தாழ்வு. ஊர் பெயர் தெரியாத ஒரு கல்லூரியின் பதினொருவரில் இடம் பிடிப்பது, கொஞ்சம் ஆடத் தெரிந்தவனுக்குக் கைக்கெட்டிய காரியம். அங்கே நான்கு நல்ல ஆட்டம் ஆடிவிட்டால் பல்கலைக்கழகத் தேர்வுக் குழு அவனையும் பெரிய கல்லூரிப் பையனையும் ஒரே மைதானத்தில் நிறுத்திப் பார்க்கும். 1964ல் தொடங்கிய பெங்களூர்ப் பல்கலைக்கழகம் 2017ல் மூன்றாகப் பிரிந்ததும் இந்த வகையில் நல்லதாகப் போயிற்று. ஒரு பல்கலைக்கழக அணி இருந்த இடத்தில் மூன்று. கோலார் தங்கவயல் தமிழ்க் குடும்பத்துப் பையன் முன்பு பெங்களூர் நகரத்துக் கல்லூரிகள் அத்தனையோடும் போட்டியிட வேண்டியிருந்தது. கோலார் மாவட்டம் இப்போது பெங்களூர் வடக்குப் பல்கலைக்கழகத்தின் எல்லையில் இருக்கிறது.

ஆனால் இந்த ஏணியில் ஏறினாலும் ஆடக் கிடைக்கும் ஆட்டங்கள் எத்தனை? மண்டலப் போட்டியின் தொடக்கச் சுற்றுகள் நாக்-அவுட். ஒரு தோல்வி, பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏற வேண்டியதுதான். கல்லூரி அணிக்காக மட்டும் ஆடுகிறவனின் முக்கியமான ஆட்டங்களை ஒரு வருடத்தில் விரல் விட்டு எண்ணிவிடலாம். பதினெட்டு வயதில் இருந்து இருபத்தொன்று வரை, உடம்பு வளரும் காலத்தில், அது போதாது. இதனால்தான் விவரம் தெரிந்த பையன்கள் கல்லூரியோடு கூடவே ஒரு கிளப்பையும் தேடுகிறார்கள். பெங்களூர் மாவட்டக் கால்பந்து சங்கத்தின் லீக்கில் சூப்பர் டிவிஷன் உச்சியில் இருக்கிறது, அதன் கீழே ஏ, பி, சி என்று டிவிஷன்கள். கீழ் டிவிஷன் கிளப்புகளில் பல, பேட்டைக்காரர்கள் காசு போட்டு நடத்துபவை. சம்பளம் எதிர்பார்க்க முடியாது. பல இடங்களில் பூட்ஸே சொந்தச் செலவு. ஆட்டம் மட்டும் நிச்சயம்.

இங்கேதான் கல்லூரியின் குணம் வெளிப்படுகிறது. அசோக் நகர் கால்பந்து ஸ்டேடியத்தில் லீக் ஆட்டங்கள் வார நாட்களில், பிற்பகலில்கூட நடக்கின்றன. வகுப்பில் 75 சதவிகித வருகை வேண்டும். பல்கலைக்கழகத்துக்காகவோ கல்லூரிக்காகவோ ஆடினால் வருகைப்பதிவில் சலுகை உண்டு. கிளப் ஆட்டத்துக்கு அந்தச் சலுகை கட்டாயம் இல்லை, அது பி.டி. சாரும் துறைத் தலைவரும் பார்த்துச் செய்கிற தயவு. சில கல்லூரிகள் தங்கள் அணி வீரன் வேறு எங்கும் ஆடவே கூடாது என்கின்றன. காயம் பட்டால் யார் பொறுப்பு என்பது அவர்கள் வாதம், அதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. வேறு சில கல்லூரிகள் கிளப்போடு பேசி அனுப்பிவைக்கின்றன. பையனுக்கு இந்த ஒரு பதில் ஜெர்சியின் நிறத்தைவிட முக்கியம். சேருவதற்கு முன்பே கேட்க வேண்டிய கேள்வி இது. சேர்ந்த பிறகு கேட்டால் பதில் ஏற்கனவே தயாராக இருக்கும்.

காயம் என்றதும் இன்னொன்று. முழங்கால் தசைநார் கிழிந்தால் அறுவைச் சிகிச்சை, பிறகு பல மாத பிசியோதெரபி. கோட்டாவில் வந்தவனுக்குச் சில நிறுவனங்கள் செலவில் பங்கெடுக்கின்றன. மார்க்கில் வந்தவனுக்குக் கல்லூரியின் பொதுக் காப்பீடு எதுவரை வரும் என்று யாரும் படித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். அப்பாவின் அலுவலகக் காப்பீட்டில் பையன் பெயர் எந்த வயது வரை இருக்கும் என்பதையும் அதே மாலையில் பார்த்துவிடுவது நல்லது.

பெங்களூர்த் தமிழ்ப் பேட்டைகளில் இந்த விஷயம் வெறும் பொழுதுபோக்கு இல்லை. அல்சூர், கௌதமபுரம், ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் என்று பழைய கண்டோன்மென்ட்டைச் சுற்றிய சந்துகளில் கால்பந்து ஒரு பிழைப்பாகவே இருந்திருக்கிறது. வெள்ளைக்காரப் படைகள் ஆடியதைப் பார்த்துப் பழகிய ஆட்டம். பெங்களூர் முஸ்லிம்ஸ் அணி 1937லும் 1938லும் பம்பாய் ரோவர்ஸ் கோப்பையை வென்று வந்தது. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் பிரான்ஸுக்கு எதிராகச் சுதந்திர இந்தியாவின் முதல் ஒலிம்பிக் கோலைப் போட்டவர் பெங்களூர் சாரங்கபாணி ராமன். அந்த ஆட்டத்தில் இரண்டு பெனால்ட்டிகளைக் கோட்டைவிட்டு 1-2 என்று இந்தியா தோற்றது தனிக் கதை. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் அருமைநாயகம். பிறகு உலகநாதன், பாபு மணி, ஆஸ்டின் டவுனின் கார்ல்டன் சாப்மன். கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளோடு பீலேவுக்கும் ஒரு சிலை வைத்திருக்கிறார்கள் என்றால் அந்த மண்ணைப் பற்றி அதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

இந்தப் பேட்டைகளில் பல குடும்பங்களைக் கரையேற்றியது பந்தின் வழியே கிடைத்த வேலை. ஐ.டி.ஐ., ஹெச்.ஏ.எல்., போலீஸ், தபால் துறை, ரயில்வே தொழிற்சாலை, பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடங்கள் என்று பெங்களூர் லீக்கே அலுவலக அணிகளின் லீக்காக இருந்தது. நன்றாக ஆடுகிற பையனைப் பத்தாம் வகுப்போடு எடுத்துக்கொள்வார்கள். காலையில் கையெழுத்து, மாலையில் பயிற்சி, மாதம் பிறந்தால் சம்பளம், ஓய்வு பெற்றால் பென்ஷன். கல்லூரி அந்தப் பாதையில் குறுக்கே வரவே இல்லை. வந்திருந்தால் நேர விரயம் என்றுகூடச் சொல்லியிருப்பார்கள்.

1990களுக்குப் பிறகு பொதுத்துறை நிறுவனங்கள் ஆள் எடுப்பதைக் குறைத்தன. தொலைபேசிச் சாதனங்களின் சந்தை கைவிட்டுப் போன ஐ.டி.ஐ.க்குப் பழைய ஊழியர்களுக்குச் சம்பளம் கொடுப்பதே பாடாகிவிட்டது. கால்பந்து வீரரை எங்கே எடுப்பது? ஹெச்.ஏ.எல். 2010 வாக்கில் ஐ-லீகின் உயர் மட்டம் வரை ஏறி, 2012ல் அதில் இருந்து இறங்கியது. அலுவலக அணிகள் அடியோடு மறைந்துவிடவில்லை. ஆனால் எப்போதாவது வரும் விளையாட்டு ஒதுக்கீட்டு அறிவிப்புகளில் பல, மாநில அணி அல்லது பல்கலைக்கழக அணிச் சான்றிதழைக் கேட்கின்றன. கிளார்க் நிலைக்கு மேலே போனால் பட்டமும் கேட்கின்றன. அப்பா பத்தாம் வகுப்போடும் பந்தோடும் வாங்கிய வேலைக்கு மகன் பட்டம், பல்கலைக்கழக ஜெர்சி இரண்டையும் கொண்டுபோக வேண்டியிருக்கிறது. எந்தக் கல்லூரி என்ற கேள்வியின் கனம் இங்கே இருக்கிறது. மண்டலப் போட்டியில் ஆடிய ஒரு தாள், இருபத்திரண்டு வயதில் ஒரு குடும்பத்தின் நிலைமையை மாற்றக்கூடியது. பெரிய கல்லூரியின் பெஞ்சில் இருந்தவனுக்கு அந்தத் தாள் கிடைப்பது கஷ்டம்.

மற்ற வழியும் இல்லாமல் போகவில்லை. தனியார் கிளப்புகள் வந்திருக்கின்றன. பெங்களூர் எஃப்.சி. பிறந்த முதல் பருவத்திலேயே, 2013-14ல், ஐ-லீக் சாம்பியன் ஆனது, 2018-19ல் ஐ.எஸ்.எல். கோப்பை. 2023 மார்ச்சில் ரியாத்தில் மேகாலயாவை 3-2 என்று வென்று, மைசூர் மாநிலக் காலத்துக்குப் பின் 54 ஆண்டுகள் கழித்து, கர்நாடகம் சந்தோஷ் கோப்பையைத் தொட்டது. ஆனால் தொழில்முறைக் கிளப்புகள் ஆளைப் பன்னிரண்டு, பதிமூன்று வயதில் அகாதமியில் பிடித்துவிடுகின்றன. பதினெட்டு வயதில் மார்க்கோடு கல்லூரிக்குள் வருகிறவனை அவர்கள் தேடுவதில்லை. அவன்தான் அவர்கள் கண்ணில் பட வேண்டும்.

வசதி உள்ள வீடுகளில் பேச்சு அமெரிக்காவுக்குப் போகிறது. கோரமங்களாவிலும் ஒயிட்ஃபீல்டிலும் டர்ஃப் அகாதமிகளில் வளர்ந்த பிள்ளைகளின் பெற்றோருக்கு ‘சாக்கர் ஸ்காலர்ஷிப்’ என்ற சொல் காதில் தேன். விவரம் அவ்வளவு இனிப்பு இல்லை. முதல் டிவிஷன் கல்லூரி ஒன்று ஆண்கள் கால்பந்துக்கு மொத்தம் 9.9 உதவித்தொகைக்கு மேல் கொடுக்கக் கூடாது என்பது பல வருட விதி. இருபத்தைந்து, முப்பது பேர் கொண்ட அணிக்கு அதைப் பிய்த்துப் பங்கிட்டார்கள். ஸ்காலர்ஷிப் வாங்கியவர் என்று சொல்லப்பட்டவரிலேயே பலர் பெரும்பகுதிக் கட்டணத்தைக் கையில் இருந்து கட்டியவர்கள்தான். 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஒரு சமரசத்துக்குப் பிறகு அந்த உச்சவரம்பு போய்விட்டது. பதிலுக்கு, அந்த ஏற்பாட்டில் சேர்ந்த கல்லூரிகளில் கால்பந்து அணிக்கு 28 பேர் என்று தலை எண்ணிக்கைக்கு வரம்பு வந்துவிட்டது. ஸ்காலர்ஷிப் கூடலாம் என்று ஒரு பக்கம் மகிழ்ச்சி. மறுபக்கம், முப்பத்து மூன்றாவது ஆளாக ஓரத்தில் நின்று பயிற்சி பெற்று இரண்டாம் வருடம் உள்ளே வந்த வாக்-ஆன் பையனுக்கு அந்த ஓரமே இல்லாமல் போகிறது.

மூன்றாம் டிவிஷன் கதை வேறு. அங்கே விளையாட்டுக்கான உதவித்தொகையே கிடையாது. எல்லோரும் ஒருவகையில் நடந்து வந்தவர்கள்தான். படிப்புக்கும் குடும்ப நிலைமைக்குமான உதவித்தொகை உண்டு. நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் ஆண்கள் அணி வைத்திருக்கின்றன. நல்ல மார்க் வைத்திருக்கும் பெங்களூர்ப் பையனுக்கு முதல் டிவிஷனின் பளபளப்பைவிட இது பொருந்தும். ஆனால் அகாதமி விளம்பரங்களில் இதன் பெயர் கண்ணில் படுவது அரிது. இன்னொரு எச்சரிக்கையும் வேண்டியிருக்கிறது. கல்லூரிப் பயிற்சியாளர் நடத்தும் கோடை முகாமுக்கு அழைத்து மின்னஞ்சல் வந்தால் உடனே விமான டிக்கெட் பார்க்கிறார்கள். அந்த முகாம்கள் கட்டணம் வாங்கி நடப்பவை. அழைப்பு ஆயிரம் பேருக்குப் போயிருக்கும். பையனின் பெயரையும் அவன் ஆடிய ஆட்டத்தையும் குறிப்பிட்டு எழுதிய கடிதம் மட்டுமே கடிதம். அமெரிக்கக் கனவு இருப்பவன் இங்கே கிளப்பில் தொழில்முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசிக்க வேண்டும். அங்கே கல்லூரியில் ஆடும் தகுதியை அது சிக்கலாக்கிவிடலாம்.

நடந்து போய் இடம் பிடித்ததற்கு நல்ல உதாரணம் ஒரு பெண். சென்னையில் பிறந்து டெல்லியில் வளர்ந்த கோல்கீப்பர் அதிதி சவுகான், இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்துக்குப் போனது ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் முதுகலை படிக்க. படிக்கப் போன இடத்தில் பல்கலைக்கழக அணிக்கு ஆடினார். 2015ல் வெஸ்ட் ஹாம் பெண்கள் அணி அவரை எடுத்துக்கொண்டது. விளையாட்டுக்குப் பெயர் பெற்ற பல்கலைக்கழகத்தைப் படிப்பின் காரணமாகத் தேர்ந்தெடுத்தார்; படிப்பு, ஆட்டம் இரண்டும் ஒரே முகவரியில் கிடைத்தன. இந்தியாவுக்கு ஆடி, 2025ல் ஓய்வு பெற்றார்.

பெங்களூரில் கல்லூரி சேரும் பெண்களுக்கு நிலைமை பையன்களைவிட எளிது என்பதை இங்கே சொல்லிவிடலாம். பெண்கள் அணிகளில் ஆள் பற்றாக்குறைதான் பிரச்சினை. பள்ளியில் ஹாக்கியோ ஹேண்ட்பாலோ ஆடிய பெண்ணைக்கூடப் பயிற்சியாளர்கள் கூப்பிட்டு நிறுத்துகிறார்கள். முதல் வருடமே பதினொருவரில் ஆடலாம், கர்நாடகப் பெண்கள் லீக் பக்கத்திலேயே இருக்கிறது, இந்த ஊர் கிக்ஸ்டார்ட் அணி 2023ல் தேசியப் பெண்கள் லீக்கின் இறுதி ஆட்டம் வரை போனது. தடை பெரும்பாலும் மைதானத்தில் இல்லை. பயிற்சி முடிந்து ஆறரை மணிக்குமேல் வீடு திரும்பும் பஸ்ஸில் இருக்கிறது. அம்மா கேட்ட பஸ் ரூட் கேள்வி, மகளின் விஷயத்தில் கால்பந்துக் கேள்வியாகவே ஆகிவிடுகிறது.

தேர்வாகாமல் போனால்? முதல் வருடம் பட்டியலில் பெயர் வராதவர்களில் பெரும்பாலோர் திரும்ப வருவதில்லை. வருகிறவர்கள் பந்து பொறுக்குகிறார்கள், கோன் அடுக்குகிறார்கள், பயிற்சி ஆட்டத்தில் ஆள் குறைந்தால் எந்த இடத்திலும் நிற்கிறார்கள். செப்டம்பர் வாக்கில் ஒருவனுக்குக் கணுக்கால் சுளுக்குகிறது, இன்னொருவனுக்கு இன்டர்னல் தேர்வு, மூன்றாமவன் ஊருக்குப் போய்விடுகிறான். பி.டி. சார் ஓரத்தைப் பார்க்கிறார். யார் அங்கே நிற்கிறார்கள் என்பது அப்போதுதான் அவருக்குப் பயன்படுகிறது. கர்நாடகத்தில் 2021ல் வந்த நான்கு வருடப் பட்டப்படிப்பு 2024ல் மீண்டும் மூன்று வருடம் ஆகிவிட்டதால், காத்திருக்கக் கிடைக்கும் பருவங்களும் குறைந்துவிட்டன. முதல் வருடத்தை ஓரத்தில் கழித்தால் மிச்சம் இரண்டு.

பெயர் பட்டியலில் வந்துவிட்டால் அன்றே சில தாள்கள் கேட்பார்கள். பல்கலைக்கழகப் போட்டிகளுக்கு வயது 17க்கு மேல், 25க்குள். அதற்கு அத்தாட்சி பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இருக்கும் பிறந்த தேதி. பி.யு.சி. மதிப்பெண் பட்டியல், கல்லூரிக் கட்டண ரசீது, அடையாள அட்டை, புகைப்படங்கள். பத்தாம் வகுப்பில் பெயர் ஒரு மாதிரியும் பி.யு.சி.யில் இனிஷியல் வேறு மாதிரியும் இருந்தால் தகுதிப் படிவம் திரும்பி வரும். அதற்குள் அணி ரயில் ஏறியிருக்கும். இனிஷியல் திருத்தத்துக்கு மல்லேஸ்வரத்தில் உள்ள தேர்வு வாரிய அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். அந்த வேலையை ட்ரயலுக்கு முன்பே, மே மாதத்தில் முடித்து வைக்கலாம்.